பெயர் வைத்த நிருபர்



விளையாட்டு வீரர்களின் பட்டப்பெயர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சனுக்கு 'மேஜிக்' என்று பெயர் வைத்தது யார்? ஏதாவது விளம்பரக் கம்பெனியா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அது ஒரு வரியோடு நிற்க மறுத்துவிட்டது. காரணம், அந்தப் பெயரை வைத்தவர் நம் தொழில்காரர். ஒரு நடுத்தர ஊரின் நாளிதழில் பள்ளிக்கூட ஆட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நிருபர். பெயர் ஃப்ரெட் ஸ்டேப்ளி ஜூனியர். பத்திரிகை, 'லான்சிங் ஸ்டேட் ஜர்னல்'.

லான்சிங், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகரம். கார்த் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைத்த ஊர். தெற்கு மாநிலங்களின் நிறவெறியிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி, வேலை தேடி வடக்கே வந்த லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் பல இங்கே வேரூன்றின. மேஜிக்கின் தந்தை எர்வின் ஜான்சன் மிசிசிப்பியிலிருந்து வந்தவர். அவர் மனைவி கிறிஸ்டீன் வட கரோலினாக்காரர். கணவருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட். அது போதாமல் குப்பை லாரியும் ஓட்டினார். மனைவி பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். வீடு நிறையப் பிள்ளைகள். அவர்களில் ஒருவனுக்குத்தான் அப்பாவின் பெயரையே வைத்தார்கள்: எர்வின் ஜான்சன் ஜூனியர். பிறந்தது 1959 ஆகஸ்ட் 14.

அவனுக்கு முதல் பட்டப்பெயர் வைத்தது அக்கம்பக்கத்தார். 'ஜூன் பக்.' அமெரிக்காவில் கோடை வந்தால் விளக்கைச் சுற்றி ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் ஒரு வண்டின் பெயர் அது. பையனும் அப்படித்தான், விடியற்காலையிலேயே பந்தும் கையுமாகத் திடலில் நிற்பான். பனி விழுந்தால் அதை வாரிக் கொட்டிவிட்டு ஆடுவான். அம்மா கடைக்கு அனுப்பினால் போகும்போது வலது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே போவான், திரும்பும்போது இடது கையால் தட்டிக்கொண்டே வருவான். இரவில் பந்தை அணைத்துக்கொண்டு தூங்குவான். இதெல்லாம் ஜான்சனே பின்னாளில் பலமுறை சொன்னவை. அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். யார் எங்கே நகர்கிறார்கள், ஏன் நகர்கிறார்கள் என்று அப்பா சொல்லித் தருவார். இரண்டு வேலை பார்த்துக் களைத்த மனிதர் மகனுக்காக ஒதுக்கிய நேரம் அது. ஜான்சனின் ஆட்டத்தில் பிறகு உலகம் கண்ட பல நுணுக்கங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளே பாடசாலை என்பேன்.

வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி செக்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளி, கூடைப்பந்தில் பெயர் பெற்ற பள்ளி. அங்கே ஆடவேண்டும் என்பதுதான் சிறுவன் எர்வினின் கனவு. ஆனால் வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி என்ற பிரிவினையை உடைப்பதற்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் 1970களின் தொடக்கத்தில் லான்சிங்கிலும் வந்தது. எர்வினுக்குக் கிடைத்தது எவரெட் உயர்நிலைப் பள்ளி. அங்கே பெரும்பாலும் வெள்ளையர்கள். அவனுக்கு முன்பே அவன் அண்ணன்மார் இருவர் அங்கே போயிருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள்மீது கல் விழுந்தது. ஒரு பகுதி வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அண்ணன்களில் ஒருவர் பயிற்சியில் நடந்த தகராறால் அணியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அந்தப் பள்ளிக்காக ஆடாதே என்று தம்பியிடம் கெஞ்சினார்.

தம்பி ஆடப் போனான். முதல் நாள் பயிற்சியில் யாருமே அவனுக்குப் பந்து தரவில்லை. எதிராளி யாரும் மறிக்காத இடத்தில் தனியாக நின்று கையை நீட்டியும், சக ஆட்டக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு வரை போனது. பயிற்சியாளர் ஜார்ஜ் ஃபாக்ஸ் குறுக்கே வந்து தடுத்தார்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிற்காலத்தில் கூடைப்பந்து வரலாற்றிலேயே தலைசிறந்த பாஸ் கொடுப்பவர் என்று கொண்டாடப்பட்டவர், பள்ளி அணியில் அடியெடுத்து வைத்த அன்று பாஸ் மறுக்கப்பட்டு நின்றார். மறுக்கப்பட்டதை எல்லோருக்கும் வாரிக் கொடுப்பது என்று அவர் தீர்மானித்தாரோ என்னவோ, அந்த அணியை ஓர் அணியாகச் சேர்த்ததே அவர் கொடுத்த பாஸ்கள்தான். எவரெட்டுக்கு அனுப்பப்பட்டது தன் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று என்று பின்னாளில் ஜான்சன் சொன்னார். வெவ்வேறு மனிதர்களோடு பழகக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளி என்பது அவர் கருத்து.

இனி அந்த ஆட்டம். 1974-75 பருவம். எர்வினுக்கு 15 வயது. எதிரணி, ஜாக்சன் பார்க்சைடு உயர்நிலைப் பள்ளி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டம் மொத்தமே 32 நிமிடம், எட்டெட்டு நிமிடமாக நான்கு பகுதி. அந்த 32 நிமிடத்தில் எர்வின் 36 புள்ளி எடுத்தார். கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 18 முறை பிடித்தார், கூடைப்பந்தில் இதை ரீபவுண்ட் என்பார்கள். அவர் கொடுத்த பாஸை வாங்கிச் சக ஆட்டக்காரர்கள் 16 முறை கூடையில் போட்டார்கள், இது அசிஸ்ட்.

மூன்று எண்களும் இரட்டை இலக்கத்தில் வருவது எவ்வளவு அரிது என்பது கூடைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரீபவுண்ட் எடுக்க நெட்டையானவர் வேண்டும், அவர் கூடைக்கு அடியிலேயே நிற்பார். அசிஸ்ட் கொடுப்பவர் பெரும்பாலும் அணியிலேயே குட்டையானவர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, ஆட்டத்தைப் படித்து, தக்க ஆளுக்குத் தக்க நொடியில் தள்ளிவிடுவது அவர் வேலை. புள்ளி குவிப்பவர் மூன்றாவது ரகம். மூவர் செய்யும் வேலையை ஒரு பையன், ஒரே மாலையில், அநாயாசமாகச் செய்துவிட்டான்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டேப்ளி. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனார். உனக்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்று பையனிடம் பேச்செடுத்தார். ஜான்சன் என்பதில் 'ஜே' இருக்கிறது, ஆனால் 'டாக்டர் ஜே' என்ற பெயரில் ஏற்கெனவே ஜூலியஸ் எர்விங் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். எர்வின் என்பதில் 'ஈ' இருக்கிறது, ஆனால் 'பிக் ஈ' என்பது எல்வின் ஹேய்ஸுக்குச் சொந்தம். 1968இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் யு.சி.எல்.ஏ. அணியை வீழ்த்திய ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியின் நாயகன் அவர். இரண்டும் போய்விட்டதே, 'மேஜிக்' என்று கூப்பிடட்டுமா என்று ஸ்டேப்ளி கேட்டார்.

நண்பர்கள் சூழ நின்ற பையனுக்குக் கூச்சம். உங்கள் விருப்பம் என்கிற மாதிரி தலையாட்டி வைத்தான். இது இரண்டு நாளில் மறந்துபோகும் என்றுதான் நினைத்தான். நாளிதழில் பெயர் அச்சேறியது, ஊர் பிடித்துக்கொண்டது, பிறகு மாநிலம்.

ஸ்டேப்ளி செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் கேட்டார் என்பதுதான். ஆட்டத்தைப் பார்த்த வேகத்தில் தலைப்பில் 'மேஜிக்' என்று போட்டு அனுப்பியிருந்தால் யாரும் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அச்சகம் காத்திருக்கிறது, இரவு நேரம், பள்ளிக்கூடப் பையன் ஒருவனைப் பற்றிய செய்தி. ஆனாலும் அவர் நேரில் போய், இரண்டு பெயர்களை யோசித்துப் பார்த்து ஏன் விட்டேன் என்ற காரணத்தையும் சொல்லி, மூன்றாவதை அவன் முன் வைத்தார். ஆயுளுக்கும் சுமக்கப்போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே எழுதினார். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று.

கேட்காமல் வைத்த பெயர் என்ன செய்யும் என்பதற்குக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லெயின் சாட்சி. ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிக்கூடப் பையனாக ஆடிய காலத்திலேயே அங்கிருந்த செய்தியாளர் ஒருவர் அவருக்கு 'வில்ட் த ஸ்டில்ட்' என்று பெயர் சூட்டினார். ஸ்டில்ட் என்றால் பொய்க்கால். பெயரோடு எதுகையாக விழுந்ததால் ஊரெங்கும் பரவிவிட்டது. ஏழடி உயரத்தைச் சுட்டிய அந்தப் பெயரைச் சேம்பர்லெயின் வாழ்நாள் முழுக்க வெறுத்தார். கழியை நட்டு வைத்தது போல என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்காது? வாசல் நிலைகளில் தலை இடிக்காமல் அவர் குனிந்து போவதைப் பார்த்து நண்பர்கள் வைத்த 'டிப்பர்' என்ற செல்லப்பெயர்தான் அவருக்குப் பிடித்தமானது. அது 'பிக் டிப்பர்' என்று வளர்ந்தது. வானத்துச் சப்தரிஷி மண்டலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதுவே. லாஸ் ஏஞ்சலஸில் பெரிய வீடு கட்டியபோது, அந்த விண்மீன்கள் அடங்கிய 'உர்சா மேஜர்' என்ற பெயரையே வீட்டுக்கு வைத்தார். இரண்டு பெயருமே அவர் உயரத்திலிருந்து பிறந்தவை. ஆனால் ஒன்று அரங்கத்தின் தூரத்திலிருந்து பார்த்தவர் வைத்தது. மற்றது, கூடவே நடந்து போனவர்கள் வைத்தது.

ஜூலியஸ் எர்விங்கின் 'டாக்டர்' கதையும் நட்பில் தொடங்கியதுதான். பள்ளித் தோழன் ஒருவனை அவர் 'புரொஃபசர்' என்று கூப்பிட, அவன் பதிலுக்கு இவரை 'டாக்டர்' என்றான். பிறகு நியூயார்க்கின் ரக்கர் பூங்காத் திடலில் ஆடியபோது அறிவிப்பாளர்கள் ஒலிபெருக்கியில் தினுசு தினுசாகப் பெயர் சொல்லி அழைக்க, அவரே போய் என்னை டாக்டர் என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

லான்சிங்குக்குத் திரும்புவோம். ஊர் கொண்டாடிய பெயரை ஒருவர் மட்டும் ஏற்கவில்லை. அம்மா கிறிஸ்டீன். ஆழ்ந்த பக்தி உள்ள கிறிஸ்தவர். மாயமும் மந்திரமும் தேவனுக்கு ஆகாத காரியங்கள், அந்தப் பெயரை மகன் சுமப்பது தேவதூஷணம் என்று அவர் மனம் வருந்தினார். இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் ஜனங்கள் ஒவ்வொரு நாளும் அதற்கு ஏற்ற அதிசயத்தைக் கேட்பார்களே, பிள்ளை தாங்குவானா? முதல் கவலை அவருடைய நம்பிக்கை சார்ந்தது. இரண்டாவது, எந்த ஊர்த் தாய்க்கும் தோன்றக்கூடியது. அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பெயரின் பளபளப்பு தெரிந்தபோது அதன் பாரம் தெரிந்தது அந்த ஒருவருக்குத்தான். வீட்டில் மகன் என்றும் எர்வின்தான்.

பாரத்தை அவர் சுமந்த விதத்தை விளையாட்டு ரசிகர்கள் அறிவார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1977இல் எவரெட் பள்ளி மாநிலப் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். ஆறடி ஒன்பது அங்குல உயரக்காரரைக் கூடைக்கு அடியில் நிறுத்தாமல், குட்டையானவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பாயின்ட் கார்டு இடத்தில் ஆட விடுகிறேன் என்று பயிற்சியாளர் ஜட் ஹீத்கோட் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். 1979 மார்ச் 26 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் லாரி பேர்ட் ஆடிய இந்தியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை 75-64 என்று வென்றார்கள். அமெரிக்காவில் இன்றுவரை மிக அதிகம் பேர் தொலைக்காட்சியில் பார்த்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களின் வரிசையில் முதலிடம் அதற்குத்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. எனக்கு இந்த விஷயத்திலேயே அதிகம் இனித்தது இதுதான்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணிகளின் பெயர் 'ஸ்பார்ட்டன்ஸ்'. அது எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கல்லூரி முன்பு விவசாயக் கல்லூரி. அதனால் அணிக்கு 'அக்கீஸ்' என்று பெயர். 1925இல் கல்லூரியின் பெயர் மாறியது. அணிக்கும் புதுப் பெயர் வேண்டுமென்று போட்டி வைத்தார்கள். தேர்வானது 'மிச்சிகன் ஸ்டேட்டர்ஸ்'. அந்த நீளமான பெயரை வைத்துக்கொண்டு தலைப்பு எழுதுவது எப்படி என்று தவித்தார் அதே லான்சிங் ஸ்டேட் ஜர்னலின் விளையாட்டு ஆசிரியர் ஜார்ஜ் ஆல்டர்டன். போட்டிக்கு வந்து தோற்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கல்லூரியில் கேட்டு வாங்கிப் புரட்டினார். 'ஸ்பார்ட்டன்ஸ்' கண்ணில் பட்டது. 1926இல் கல்லூரியின் பேஸ்பால் அணி பயிற்சிக்காகத் தெற்கே போனபோது, அந்தச் செய்திகளுக்குள் மெல்ல அந்தப் பெயரைச் செருகினார். முதலில் ஓர் எழுத்தைத் தவறாக வேறு எழுதிவிட்டார், நண்பர் ஒருவர் சொல்லித் திருத்திக்கொண்டார். மாணவர்களோ கல்லூரி நிர்வாகமோ ஏன் என்று கேட்கவில்லை. தைரியம் வந்து தலைப்பிலேயே போட்டார். நூறாண்டை எட்டிவிட்ட அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

ஆக, 1979இல் கோப்பையைத் தூக்கிய அந்த இளைஞனின் பெயருக்கு முன்னால் இருந்த 'மேஜிக்', அவன் அணியின் பெயரான 'ஸ்பார்ட்டன்ஸ்' இரண்டுமே ஒரே ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பியவை. இடையே அரை நூற்றாண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டேப்ளி ஜூனியர் என்றேன் அல்லவா? சீனியர் ஸ்டேப்ளி, அவருடைய தந்தை, அதே பல்கலைக்கழகத்தில் விளையாட்டுச் செய்திப் பிரிவின் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்தவர். மேஜிக் அங்கே ஆடிய இரண்டு ஆண்டுகளும் அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. மகன் வைத்த பெயரைத் தந்தை ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்கு எடுத்துச் சென்றார் என்று சொல்லலாம். மகனும் பிறகு அதே வழியில் போய், மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

1979இலேயே தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், புது வீரர் தேர்வில் ஜான்சனை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த முதல் ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில் எதிரணி யார்? ஃபிலடெல்ஃபியா 76ர்ஸ். அதன் நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங். ஐந்து ஆண்டுகளுக்கு முன் உடை மாற்றும் அறையில், அது வேறொருவருக்குப் போய்விட்டது என்று ஸ்டேப்ளி ஒதுக்கி வைத்த பெயருக்குச் சொந்தக்காரர். நான்காவது ஆட்டத்தில் எர்விங் பலகைக்குப் பின்புறமாகக் காற்றில் மிதந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, ஒற்றைக் கையால் பந்தைக் கூடையில் போட்டார். அதைப் பார்த்து வாயடைத்து நின்றதாகவும், பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வதா, இன்னொரு முறை செய்யுங்கள் என்று கேட்பதா என்று தெரியவில்லை என்றும் ஜான்சன் பின்னாளில் சொல்லிச் சிரித்தார்.

ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸின் தூணான கரீம் அப்துல் ஜப்பாருக்குக் கணுக்கால் பிசகியது. ஆறாவது ஆட்டத்துக்கு அவர் விமானத்தில் ஏறவே இல்லை. விமானத்தில் எப்போதும் கரீம் உட்காரும் முன்வரிசை இருக்கையில் போய் உட்கார்ந்தார் 20 வயது ஜான்சன். பயப்படாதீர்கள், ஈ.ஜே. இருக்கிறேன் என்று சொல்லித் தோழர்களுக்குத் தெம்பூட்டினார். கவனியுங்கள், ஈ.ஜே. என்றுதான் சொன்னார். எர்வின் ஜான்சன். அணியின் மானம் தன் தோளில் இறங்கிய நேரத்தில் அவர் வாயில் வந்தது அப்பா வைத்த பெயரின் முதலெழுத்துகள்.

1980 மே 16. கரீமின் இடமான சென்டர் இடத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினார் அந்தப் பாயின்ட் கார்டு. 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். தண்ட எறிதல் 14 கிடைத்து 14-ம் கூடைக்குள். லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கோப்பையை எடுத்தது. லான்சிங்கில் 15 வயதுப் பையன் மூவர் வேலையை ஒருவனாகச் செய்ததை ஸ்டேப்ளி ஒருவர் எழுதினார். இப்போது அதையே நாடு பார்த்தது. பார்த்தது என்றா சொன்னேன்? அமெரிக்காவின் பல ஊர்களில் அன்று அந்த ஆட்டம் நேரலையில் வரவில்லை. பதிவு செய்து இரவு பதினொன்றரை மணிக்கு ஒளிபரப்பினார்கள். தொழில்முறைக் கூடைப்பந்துக்கு அப்போது இருந்த மதிப்பு அவ்வளவுதான். அந்த நிலைமையைப் புரட்டிப்போட்டவர்களில் முதல் இருவர் ஜான்சனும் லாரி பேர்டும்.

ஐந்து முறை கோப்பை, மூன்று முறை தொழில்முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் அம்மா பயந்த நாளும் வந்தது. 1991 நவம்பர் 7. தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகவும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாகவும் ஜான்சன் செய்தியாளர்கள் முன் அறிவித்தார். 32 வயது. அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. என்றாலே மரணம் என்றுதான் உலகம் நினைத்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற அறியாமை படித்தவர்களிடமும் இருந்தது. அவர் மறைத்திருக்கலாம். மேடையேறிச் சொன்னார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆர்லாண்டோவில் நட்சத்திர ஆட்டத்தில் இறங்கி 25 புள்ளி எடுத்து, ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். முடிந்ததும் சக வீரர்கள் ஒருவர் விடாமல் வந்து கட்டியணைத்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவரைக் கட்டியணைக்கலாம், ஒன்றும் ஆகாது என்று நூறு பிரசுரங்கள் சொல்ல முடியாததை அந்தக் காட்சி சொல்லிவிட்டது. அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம்.

முப்பது ஆண்டு தாண்டியும் அவர் நலமாக இருப்பதைப் பார்த்து, பெயருக்கு ஏற்ற மாயம் என்று சொல்பவர்கள் உண்டு. குணமாகிவிட்டது என்று நம்பியவர்களும் உண்டு. அப்போதெல்லாம் ஜான்சன் விடாமல் மறுத்துச் சொன்னார்: எனக்குக் குணமாகவில்லை, தினமும் மருந்து எடுத்துக்கொள்கிறேன், மருந்து என்னைக் காக்கிறது. இந்தப் பெயரை இவர் சுமந்த காலத்தில் செய்த மிகப் பொறுப்பான காரியம் இதுவே என்பேன். மாயம் என்று விட்டிருந்தால், எத்தனையோ நோயாளிகள் மருந்தை விட்டுவிட்டு மாயத்துக்குக் காத்திருப்பார்கள்.

மனைவி குக்கி, கல்லூரிக் காலத்திலிருந்து அறிந்தவர். அவருக்கும் இவர் எர்வின்தான். லேக்கர்ஸ் தோழர்கள் கூப்பிட்டது 'பக்'. கல்லூரி நாட்களில் லான்சிங்கில் நடனக் கூடத்தில் இசைத்தட்டு சுழற்றியபோது 'ஈ.ஜே. த டீஜே'. பழைய தெருக்காரர்களுக்கு ஜூன் பக். ஒவ்வொரு பெயரும் ஒரு வட்டத்துக்குச் சொந்தம். நிருபர் வைத்த பெயர் மட்டும் எல்லா வட்டத்தையும் தாண்டிப் போய்விட்டது. திரையரங்குகளின் முகப்பில் ஏறியது. எச்.ஐ.வி. தடுப்புக்காக அவர் தொடங்கிய அறக்கட்டளையின் பெயரானது. சுயமாகத் தனக்கே பெயர் சூட்டிக்கொண்டு அதை நிலைநாட்டியவர்களும் உண்டு. கோபி பிரையன்ட் 'பிளாக் மாம்பா' என்று தன்னை அழைத்துக்கொண்டது அப்படித்தான். அதற்கும் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், கண்டதை நம்ப முடியாமல், பெயர் தேடித் தவித்து எடுத்துக் கொடுத்ததற்கு உள்ள சூடு தனி.

கடிதம் எழுதிய வாசகருக்கு என் பதில் இதுதான்: விளம்பரக் கம்பெனி இல்லை ஐயா. விளம்பரக் கம்பெனிகள் வந்து சேர ஐந்து ஆண்டு ஆயிற்று. அதற்கு முன், கேமரா வராத ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில், 32 நிமிடமும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ணிக் குறித்த ஒருவர் இருந்தார்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் கபடித் திடலிலோ, வாலிபால் கோர்ட்டிலோ, கூடைப்பந்து மைதானத்திலோ ஊரே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். அந்தப் பெயரை வைத்தது யார், எந்த ஆட்டத்தன்று, அன்று அவர் அப்படி என்ன செய்தார் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை. அனுப்புவதற்கு முன் அந்த ஆட்டக்காரரைப் பார்த்து, இந்தப் பெயரை அச்சில் போடலாமா என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அவருடைய சொந்தப் பெயரிலேயே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்